ரசிகர்கள் செய்த இருட்டு ஆர்பிஜிகள்: கதையைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தாறு பேர் கூடி கேம் ஆடுவோம். தம்பிமார், அத்தை மகன், பக்கத்துத் தெருப் பிள்ளைகள். பாதி நாள் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த பழைய மடிக்கணினியில்தான் ஆட்டம். இந்த வகை கேம்களுக்கு அதுவே போதும். ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒருவர் வருவார், போன வாரம் கேட்ட அதே சந்தேகத்தைக் கேட்பார். திரும்பத் திரும்பச் சொன்னவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். சில கேம்களின் முடிவு இதில் வெளிப்படும். ஆடாதவர்கள் அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ரசிகர் செஞ்ச ஆர்பிஜின்னா என்ன அண்ணாச்சி?

ஆர்பிஜி என்றால் ஒரு கேரக்டராக நாமே ஊர் ஊராக நடந்து, எதிர்ப்படுகிறவர்களிடம் பேசி, சண்டை வந்தால் போட்டு, கதையை நகர்த்துகிற கேம். அப்படி ஒரு கேமின் மேல் வைத்த பிரியத்தில் அதன் உலகத்தை எடுத்துக்கொண்டு ரசிகர்கள் புதுக்கதை சொன்னால் அது ரசிகர் கேம். சிலர் பழைய கேமின் கோப்பையே திறந்து வசனம், வரைபடம், எதிரிகள் எல்லாவற்றையும் மாற்றுவார்கள். அதற்கு ரோம் ஹேக் என்று பெயர். சிலர் ஆர்பிஜி மேக்கர் மாதிரி மென்பொருளில் அடியிலிருந்து கட்டுவார்கள்.

கீழே நான்கு கேம்களின் பெயர் அடிக்கடி வரும். ஒன்று, எர்த்பவுண்ட் என்ற பழைய கேமை மாற்றிச் செய்து 2008-இல் வந்த எர்த்பவுண்ட் ஹாலோவீன் ஹேக். பிறகு அண்டர்டேல் (2015) செய்து உலகப் புகழ் பெற்ற டோபி ஃபாக்ஸ் பதின்ம வயதில் செய்தது அது. இரண்டாவது யூமே 2கி. 2004-இல் வந்த யூமே நிக்கி என்ற ஜப்பானிய கேமின் ரசிகர்கள் பலர் கூடிப் பல வருடங்களாகக் கட்டிக்கொண்டே வருவது. மூன்றாவது 2016-இல் வந்த போக்கிமான் யுரேனியம். நான்காவது, அண்டர்டேலை வைத்து ரசிகர்கள் செய்து 2023 டிசம்பரில் வெளியிட்ட அண்டர்டேல் யெல்லோ.

இருட்டுன்னா பேய் வருமா? ரத்தமா இருக்குமா?

வரலாம், வராமலும் போகலாம். நான் இருட்டு என்று சொல்வது வேறு. செய்தது திரும்பாது, அதற்கு யாராவது கணக்குச் சொல்லியாக வேண்டும் என்று கதை நம்மை உட்கார வைப்பதைத்தான். ரத்தம் நிறையத் தெறிக்கிற கேம் எத்தனையோ இருக்கிறது. ஆடி முடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவோம், ஒன்றும் ஒட்டாது.

யூமே நிக்கியில் ஒரு பெண்ணின் கனவுகளுக்குள் நடப்போம். அங்கே ஒரு சின்ன வீடு. உள்ளே வேறொரு பெண் நிற்கிறாள். சுவரில் ஒரு விளக்கு சுவிட்ச். அதை அணைத்தால் பெரும்பாலும் அறை இருட்டாகும், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் 64-இல் ஒரு பங்கு வாய்ப்பு: அந்தப் பெண் இருந்த இடத்தில் வேறொன்று நிற்கும். ஏன், என்ன என்று கேம் கடைசிவரை சொல்வதில்லை. என் தம்பி சுவிட்சை அணைத்து அணைத்து, ஒன்றும் நடக்காமலே பயந்துபோய் எழுந்துவிட்டான்.

ஹீரோ ஏன் வாயே தெறக்க மாட்டேங்கான்?

நாம் பேச வேண்டிய இடத்தை அவன் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. இது பழைய ஆர்பிஜி வழக்கம். வெளிச்சமான கதைகளிலும் உண்டு. இருட்டுக் கதையில் அதன் வேலை இன்னும் கூடும். ஒரு கொலை நடக்கிறது, நாயகன் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது அந்த மௌனம் யாருடையது? பட்டனை அழுத்தியது நாம்தானே.

யூமே நிக்கியில் நாம் ஆடும் பெண் விழித்திருக்கும்போது தன் அறையை விட்டு வெளியே போகவே மாட்டாள். கதவருகே கொண்டுபோனால் தலையை மட்டும் ஆட்டுவாள். அந்த ஒரு தலையாட்டலுக்கு அப்பால் விளக்கம் இல்லை. யூமே 2கியிலும் அதே மரபுதான்: பேச்சு கிடையாது, கனவில் நடை மட்டும்.

நேரா கதையச் சொல்லாம, பீரோவத் தட்டு குப்பைத்தொட்டியத் தட்டுன்னு ஏன் அலைய விடுதாங்க?

சாவு வீட்டுக்குப் போனால் யாராவது உட்கார வைத்து நடந்ததை வரிசையாகச் சொல்கிறார்களா? திண்ணையில் கிடக்கிற கண்ணாடி, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, கொடியில் காய்கிற சட்டை. நாமே பார்த்துப் புரிந்துகொள்கிறோம். இந்த கேம்களும் அப்படித்தான் சொல்கின்றன. ஒரே பொருளைக் கதையின் தொடக்கத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். வாசகம் மாறியிருக்கும். மாறிய அந்த ஒரு வரியில்தான் முழுக்கதையும் இருக்கும்.

ரசிகர் கேமில் இன்னொரு அடுக்கு உண்டு. நாம் மூல கேமிலும் அதே பொருளைப் பார்த்திருப்போம். அடுத்த பதிலில் வரும் தொப்பி அப்படிப்பட்ட பொருள்.

முடிவு முன்னாடியே தெரியுமே, பெறவு எதுக்கு வெளையாடணும்?

அதிகம் பேர் கேட்டது இதுதான். எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வியும் இதுதான்.

அண்டர்டேல் கதையில் மனிதக் குழந்தைகள் பாதாள உலகத்தில் விழுகிறார்கள். நாம் விழுவதற்கு முன்பே ஆறு பேர் இறந்துவிட்டார்கள். அவர்கள் உயிர்கள் ஆறும் அரசனிடம் இருக்கின்றன. போகிற வழியில் ஒரு சந்துக் கடையில் குப்பைமேட்டிலிருந்து பொறுக்கிய சாமான்களை விற்பார்கள். அதில் ஒரு கௌபாய் தொப்பியும் தோட்டா இல்லாத துப்பாக்கியும் கிடக்கும். நான் முதல் தடவை அவற்றை வாங்கிப் போட்டுக்கொண்டேன். பாதுகாப்பு எத்தனை புள்ளி ஏறுகிறது என்று மட்டும் பார்த்தேன். அண்டர்டேல் யெல்லோவில் நாம் ஆடுவது அந்தத் தொப்பிக்காரக் குழந்தையை. பெயர் க்ளோவர். காணாமல் போன ஐந்து பேரைத் தேடி அது தானாகவே உள்ளே இறங்குகிறது. அது உயிரோடு வீடு திரும்பாது என்பது மூலக்கதை தெரிந்த எல்லோருக்கும் முதல் காட்சியிலேயே தெரியும்.

என் அம்மா ஊர் விக்கிரமசிங்கபுரம். சின்ன வயதில் ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் குடில் போட்டுத் தங்குவோம். கொடை நேரத்தில் வில்லுப்பாட்டில் முத்துப்பட்டன் கதை படிப்பார்கள். அந்தணக் குடும்பத்தில் பிறந்தவன், செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்பிப் பூணூலையும் குடுமியையும் விடுகிறான். மாமனாரின் மாட்டைத் திருடவந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். கூட்டத்தில் இந்த முடிவு தெரியாதவர் ஒருவரும் இல்லை. கல்யாணப் பாட்டு வரும்போதே பக்கத்தில் ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொள்வாள். கல்யாணம் கல்யாணமாகத்தான் பாடப்படும், துக்கத்தின் சாயலே இருக்காது. ஆனால் ஆச்சிக்கு அடுத்து வருவது தெரியும். முடிவு தெரிந்தவருக்கு நடுக்கதை இப்படி மாறுகிறது: ஒவ்வொரு நல்ல காட்சியும் கடைசித் தடவையாக நடக்கிறது. யெல்லோவில் க்ளோவர் புது நண்பனோடு சிரித்துப் பேசும் இடமெல்லாம் எனக்கு அந்தக் கல்யாணப் பாட்டுத்தான்.

முத்துப்பட்டன்தான் அங்கே பட்டவராயன் என்ற சாமி. அந்தச் சன்னதியில் இன்றும் தோல் செருப்பைத்தான் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். யெல்லோவை முடித்துவிட்டு அண்டர்டேலைத் திரும்ப எடுத்தபோது அந்தக் கடையில் தொப்பியைப் பார்த்தேன். விலை கொடுத்து வாங்க மனம் வரவில்லை.

தெரிஞ்ச பாட்டையே ஏன் மெதுவா, ஒரு மாதிரியா போடுதாங்க?

காதுக்கு ஞாபகம் அதிகம். மூல கேமில் ஊர்ச்சந்தையில் கேட்ட மெட்டைப் பாதி வேகத்தில், பாதி வாத்தியத்தோடு ரசிகர் கேமில் கேட்டால், அந்த ஊருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஒரு வசனமும் இல்லாமலே தெரிந்துவிடும். சில நேரம் இது எதிர்த்திசையிலும் நடக்கும். அண்டர்டேலில் சான்ஸ் என்கிற எலும்புக்கூட்டோடு போடும் சண்டையில் வருகிற 'மெகலோவேனியா' முதலில் ஹாலோவீன் ஹேக்குக்காகப் போடப்பட்டது. ரசிகர் கேமில் பிறந்த மெட்டு மூல கேம் ஒன்றுக்கே அடையாளமாகிவிட்டது.

யாரையும் கொல்லாம போனா நல்ல முடிவு வருமாம்லா? அப்ப இருட்டு எங்க இருக்கு?

கொல்லாமலும் போகலாம் என்று வழி இருப்பதில்தான் இருக்கிறது. சாதாரண ஆர்பிஜியில் எதிரியைக் கொல்வது வேலை, யாரும் கேள்வி கேட்பதில்லை. விடவும் முடியும் என்று வந்துவிட்டால், கொன்றது நம் முடிவாகிறது.

அண்டர்டேலில் ஆரம்பத்தில் ஓர் அம்மா நம்மை எடுத்துப் பார்த்துக்கொள்வாள், பலகாரம் சுட்டு அறையில் வைப்பாள். அவளைத் தெரியாமல் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் பழைய சேவுக்கு, அதாவது ஆட்டத்தை முன்பு சேமித்து வைத்த இடத்துக்கு, திரும்பிப் போய்க் காப்பாற்றிவிட்டு வந்தால், ஒரு பூ நம்மிடம் பேசும்: நீ அவளைக் கொன்றாய், பிறகு வருந்தித் திரும்பி வந்தாய், எனக்குத் தெரியும் என்கிற பொருளில். அன்றைக்கு மாடியில் இருந்த அத்தனை பேரும் கப்சிப். எல்லோரையும் கொன்று ஆட்டத்தை முடித்தால், பின்னால் எத்தனை நல்லவனாக ஆடினாலும் அந்த நல்ல முடிவில் ஒரு கறை விழும். சேவ் என்பது அழிரப்பர் என்று நாம் நினைத்திருந்ததை அது உடைத்தது. பிறகு வந்த இருட்டு ரசிகர் கேம்கள் நிறைய இதைக் கையில் எடுத்துக்கொண்டன. சில அவசரத்தில் எடுத்துக்கொண்டன: கொல்வதைத் தவிர வேறு வழி வைக்காமலே 'ஏன் கொன்றாய்' என்று ஆடுபவரைத் திட்டுகின்றன. அது நியாயம் இல்லை, கதையும் அங்கே தோற்றுப்போகிறது.

மூலக்கதையக் கெடுக்குத மாதிரி இல்லையா இது? அவுங்க சந்தோசமா முடிச்சத இவுங்க ஏன் சாகடிக்காங்க?

எர்த்பவுண்டில் நான்கு பிள்ளைகள் உலகத்தைக் காப்பாற்றக் கடந்த காலத்துக்குப் போக வேண்டியிருக்கும். உடம்போடு போக முடியாது. ஒரு விஞ்ஞானி அவர்கள் உயிரை ரோபோக்களுக்குள் மாற்றி அனுப்புவார். போனவர்களில் அவர் மகனும் உண்டு. மூலக்கதையில் பிள்ளைகள் திரும்பி வந்துவிடுகிறார்கள். ஹாலோவீன் ஹேக் கேட்டது ஒரே கேள்வி: திரும்பி வராமலே போயிருந்தால்? பெற்ற மகனைத் தன் கையால் அனுப்பிய தகப்பன் என்ன ஆவான்? அந்தக் கேள்வி மூலக்கதைக்குள்ளேயே கிடந்தது. சந்தோஷ முடிவு அதை மூடி வைத்திருந்தது, அவ்வளவுதான்.

நம் ஊரில் இது புதிதே இல்லை. புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய 'சாப விமோசன'த்தை நினைத்துப் பாருங்கள். ராமன் கால் பட்டுக் கல்லிலிருந்து மீண்ட அகலிகை, அதே ராமன் சீதையைத் தீயில் இறங்கச் சொன்னான் என்று கேட்டு மறுபடி கல்லாகிறாள். ராமாயணத்தை மனப்பாடமாக அறிந்த ஊரில்தான் அந்தக் கதைக்கு அத்தனை வலி.

மாற்றுவதெல்லாம் நல்லது என்று சொல்ல மாட்டேன். முத்துப்பட்டன் கதையிலேயே, அந்தப் பெண்கள் இருவரும் பிறப்பால் வேறு குலம், எடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று சொல்கிற பாடம் ஒன்று உண்டு. அந்த மாற்றம் கதையின் முள்ளைப் பிடுங்கிவிடுகிறது. ஒருவன் விட்டுக்கொடுத்ததைப் பொய்யாக்குகிறது. ரசிகர் கேமை எடைபோட நான் வைத்திருக்கும் படி இதுதான்: மூலக்கதை கேட்கத் தயங்கியதைக் கேட்கிறதா, கேட்டதையும் மழுப்புகிறதா?

கூடங்குளம் பக்கத்துக்காரன் நான். யுரேனியம்னு ஒரு போக்கிமான் கேமாம், அணு உலை வெடிக்குமாம். இதெல்லாம் வெளையாட்டா?

கோபம் நியாயமானது. கேட்டவர் இடிந்தகரையில் உறவுக்காரர்கள் உள்ளவர். 2011-இல் போராட்டம் நடந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை.

போக்கிமான் என்றால் வழக்கமாகப் பத்து வயதுப் பிள்ளை சிரித்துக்கொண்டே வீட்டை விட்டுக் கிளம்பும் கதை. யுரேனியத்தில் பிள்ளையின் அம்மா அணு உலை விபத்தில் காணாமல் போயிருக்கிறார். அப்பா வேலையே கதியென்று இருக்கிறார். கதிர்வீச்சு பட்ட பிராணிகள் கண் பச்சையாக மின்ன, அடையாளம் மாறி வருகின்றன. மூல கேமில் நாம் கொஞ்சி வளர்த்த பிராணிகளின் உலகம் என்பதால்தான் அது உறைக்கிறது. விபத்தை வேடிக்கையாகக் காட்டுவதாக எனக்குப் படவில்லை. தாயை இழந்த வீட்டைக் காட்டுகிறது.

அந்த கேம் வெளியானது 2016 ஆகஸ்டில். அதே மாதம்தான் கூடங்குளத்தின் இரண்டாவது உலை மின்கட்டமைப்பில் இணைந்தது. செய்தவர்களுக்கு நம் ஊர் தெரிந்திருக்காது. ஆனால் உலையின் கும்மட்டத்தைத் தினமும் கடலிலிருந்து பார்க்கிற வீட்டுப் பிள்ளை ஆடும்போது அது வேறு கேம். அவர் அன்று ஆடவில்லை, பின்னால் உட்கார்ந்து பார்த்தார். அதுவும் சரிதான்.

இத வெளியிட்டா கேஸ் போட மாட்டாங்களா?

போடலாம். யுரேனியம் வெளிவந்த சில நாட்களில் 15 லட்சம் தடவைக்கு மேல் தரவிறக்கப்பட்டது. போக்கிமான் கேம்களை வெளியிடும் நிண்டெண்டோ நிறுவனத்தின் தரப்பு வக்கீல் நோட்டீஸ்கள் வந்ததும் செய்தவர்களே சுட்டிகளை எடுத்துவிட்டார்கள். இலவசமாகக் கொடுத்தாலும் அடுத்தவர் பாத்திரங்கள் அடுத்தவருடையவைதான். சில மூலப் படைப்பாளிகள் அனுமதிப்பார்கள், சிலர் மாட்டார்கள். தொடங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி, எம்மவன் ராத்திரி லைட்ட அணைச்சிட்டு இதையே பாத்துக்கிட்டு கெடக்கான். விடலாமாய்யா?

பக்கத்துத் தெரு அக்கா கேட்டது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இவற்றில் பலவற்றை நான் கொடுக்க மாட்டேன். யூமே நிக்கியின் முடிவில் நாம் ஆடும் அந்தப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அதன் வழிவந்த கேம்களிலும் அந்த நிழல் உண்டு. பொறுப்பாகச் செய்யப்பட்ட கேம்கள் முதல் திரையிலேயே எச்சரிக்கை போடுகின்றன. அதை அழுத்திக் கடந்துவிடாமல் பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள்.

பெரிய பையன் என்றால் பிடுங்கி வைப்பதைவிட ஒரு நாள் பக்கத்தில் உட்காருங்கள் அக்கா. 'இவ ஏன்டா கதவத் தெறக்க மாட்டேங்கா?' என்று கேளுங்கள். அவன் சொல்கிற பதில் கேமைப் பற்றியதா, தன்னைப் பற்றியதா என்று பெற்றவளுக்குத் தெரிந்துவிடும். தன்னைப் பற்றியது என்று பட்டால் தள்ளிப்போடாதீர்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

தமிழ்ல வசனம் வச்சு நாம ஒண்ணு செய்ய முடியுமா?

முடியும், ஒரு தொல்லையைத் தாண்ட வேண்டும். ஆர்பிஜி மேக்கர் எம்வி வசனப் பெட்டியில் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தனித்தனியே வரைகிறது. ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் 'கொடை' என்று போட்டால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். நாங்கள் வசனத்தைப் படமாகச் செய்து ஒட்டிப் பார்த்தோம். வேலை அதிகம், ஆனால் ஒழுங்காக வந்தது. பேச்சே இல்லாத மரபைப் பற்றி மேலே சொன்னேனே, முதல் கேமுக்கு அது நல்ல துணை.

அப்பம் சுடலைய, இசக்கிய வச்சே ஒரு இருட்டுக் கதை செஞ்சா என்ன? நம்மகிட்ட இல்லாத கதையா?

ஆசை எனக்கும் உண்டு. ஆனால் எர்த்பவுண்டின் விஞ்ஞானிக்கு யாரும் பொங்கல் வைப்பதில்லை. இசக்கிக்கு வைக்கிறார்கள், பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள். நம் பக்கத்துச் சாமிகளில் பலர் கொலையுண்ட மனிதர்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காக வெட்டப்பட்டவர்களும் அதில் உண்டு. கொன்றவர் வழி வந்தவர்களும் செத்தவர் வழி வந்தவர்களும் இன்றைக்கும் அக்கம்பக்கத்துத் தெருவில் இருப்பார்கள். அதனால் உண்மையான சாமியின் பெயரையும் ஊரையும் எடுக்காதீர்கள், மரபை எடுங்கள். எந்தச் சாமியையும் கடைசி பாஸ், அதாவது முடிவில் வரும் பெரிய எதிரி, ஆக்கி, உயிர்ப்புள்ளி போட்டு, அடித்துச் சாய்க்க வைக்காதீர்கள்.

எங்கள் குடும்பத்தில் குடம் அடிக்கும் சித்தப்பா ஒருவர் இருக்கிறார். அவரிடம் யெல்லோ கதையைச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, 'அந்தப் பிள்ள செத்தப்பெறவு என்னல?' என்றார். முடிந்துவிட்டது, பெயர்ப்பட்டியல் ஓடும் என்றேன். 'அப்பத்தானல நமக்கு ஆரம்பிக்கும்' என்றார். வில்லுப்பாட்டில் சாவைப் பாடும்போதுதான் சாமியாடிக்கு அருள் வரும். செத்தவன் களத்துக்குள் வருவான், ஜனங்கள் அவனிடம் பேசுவார்கள்.

நாங்கள் இப்போது செய்துகொண்டிருப்பதில் ஊரும் பெயரும் கற்பனை. நாயகன் செத்த பிறகு சேவ் கோப்பு மூடாது. ஆடுபவர் அவன் தங்கச்சியாக மாறுவார். வீட்டுக்குள் போய், அதுவரை அவன் கையில் வைத்திருந்த பொருள்களில் எதைப் படையலில் வைப்பது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும்.